பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்

உசின்புலாக், கஜகஸ்தான்
2 அக்டோபர் 1994

அன்புள்ள அமாலியா அக்காவுக்கு,

நீ போய் ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஜெர்மனியில் இறங்கியதும் தந்தி அடிப்பேன் என்றாய். தபால் ஆபீஸ் ல்யூபா என்னைத் தூரத்தில் பார்த்ததுமே இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறாள். அதனால் இப்போதெல்லாம் வாசலோடு திரும்பிவிடுகிறேன். கடைசியில் உன் விலாசத்தை நகரத்தில் இருக்கும் உன் கொழுந்தன் மனைவியிடம் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

கோபத்தைப் பிறகு எழுதுகிறேன். முதலில் ஜெபவீட்டுச் செய்தி.

நீங்கள் மூன்று குடும்பமும் கிளம்பிய அடுத்த ஞாயிறு, பூட்டாமல் விட்டிருந்த கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். பெரியவர்கள் யாரும் வரவில்லை. வருவதற்கு நம் ஜெர்மன்காரர் யார் மிச்சம்? பிள்ளைகள் பதினொரு பேர் வந்தார்கள். அதில் ஒன்றுகூட ஜெர்மன் வீட்டுப் பிள்ளை கிடையாது. பால்பண்ணைக் குடியிருப்பு வரிசையிலிருந்து தைஸ்யா, கென்கா, கென்காவின் தங்கை, இன்னும் சிலர். என் ஸாபித்தின் அண்ணன் மகள் ஸவுரேயும் அவள் தம்பியும். ஸவுரேயின் அப்பா, "பாட்டு கத்துக்கட்டும், கெட்டுப்போயிட மாட்டா" என்று அனுப்பி வைத்தாராம்.

வந்தவர்கள் செய்த காரியத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் தரையில் துப்பினார்கள். பெஞ்சுகளுக்கு நடுவில் சேற்றுப் பூட்ஸோடு சறுக்கி விளையாடினார்கள். திட்டிப் பார்த்தேன், கேட்கவில்லை. அப்புறம் எல்லாரையும் சுவரோரம் கூட்டிப்போய், காரை உதிர்ந்த ஓர் இடத்தில் விரலை வைக்கச் சொன்னேன். உள்ளே வைக்கோல் தெரிந்தது. "இந்த வைக்கோல எங்க காலாலதான் மிதிச்சோம். எனக்கு அப்போ எட்டு வயசு. எங்க அப்பா கல்லு அறுப்பாரு, நானும் எங்க அக்காவும் முட்டிவரைக்கும் களிமண்ணுல நின்னு மிதிப்போம்" என்றேன். தைஸ்யா, பத்து வயது இருக்கும், வாயைத் திறந்தபடி கேட்டாள். அவளுடைய அம்மா பெரும்பாலும் குடித்துவிட்டுக் கிடப்பவள் என்பது உனக்குத் தெரியும்.

"அப்ப இது உங்க வீடா அத்தை?"

"இல்ல. கர்த்தரோட வீடு."

"அவரு இங்க இல்லாதப்போ?"

"அப்ப உங்களோடது. யாரு பெருக்குறாங்களோ அவங்களோடது."

அன்றைக்கே துடைப்பத்தை எடுத்துவிட்டாள். இப்போது வாசல் அறையில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டது நான், காவல் காப்பது தைஸ்யா.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். புது வருஷத்துக்குள் எல்லா ஜெபவீடுகளையும் மறுபடி பதிவு செய்ய வேண்டுமாம். வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். அது மூப்பர் என்ற முறையில் அத்தானிடம்தானே இருந்தது? எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டு எழுது.

இனி கோபம். வேற்று மதத்து ஸாபித்தைக் கட்டிக்கொண்டதற்காக என் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். பொறுத்துக்கொண்டேன். பாட்டுச் சொல்லித்தர ஆள் இல்லை என்று ஆனதும் பிள்ளைகளை மட்டும் என்னிடம் விட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நீ கிளம்பும் அன்று ஜெபவீட்டுப் பக்கமே வரவில்லை, அக்கா. லாரி அந்த வாசலைத் தாண்டித்தான் போனது. நீ மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் தங்கை
செல்மா


ஜெர்மனி, குடியேறுவோர் விடுதி
6 நவம்பர் 1994

கர்த்தருக்குள் பிரியமான தங்கை செல்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம். தந்தி அடிக்காதது என் தப்புதான். வந்த நாளிலிருந்து வரிசையில் நிற்பதற்கே நேரம் சரியாக இருக்கிறது. ஒரு ரப்பர் முத்திரைக்கு ஒரு வரிசை, போர்வைக்கு ஒரு வரிசை. ஓர் அறையில் இரண்டு குடும்பம், நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கத்து ஆள் இருமினால் எங்கள் தேநீர் கலங்குகிறது. நாம் வீட்டில் பேசிய ஜெர்மனைக் கேட்டு இங்கே சிரிக்கிறார்கள். உன் அத்தானை ஆபீசில் ஒரு சின்னப்பெண், "ரஷ்யாக்காரரே, மெதுவாப் பேசுங்க" என்றாள். அங்கே நாம் ஜெர்மன்காரர்கள், இங்கே ரஷ்யாக்காரர்கள். மனுஷர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பாடம் சொல்கிறாய் என்று கேட்டுச் சந்தோஷம். ஆனால் இவ்வளவு பாடு எதற்கு? பதினொரு பிள்ளைகள் உன் அடுக்களையில் உட்கார மாட்டார்களா? அந்தப் பெரிய வீட்டுக்குக் குளிர்காலத்தில் எத்தனை கூடை நிலக்கரி போடுவாய்? கூரையும் ஒழுகுகிறது. வெள்ளையடிக்கப் போகிறேன் என்று எதையாவது ஆரம்பிக்காதே. அந்தப் பிள்ளைகளை ஏணியில் ஏற்றாதே. நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் அவர்கள் வீட்டார் உன்னைத்தான் கேட்பார்கள். நம்ம பிள்ளைகள் என்றால் வேறு.

பத்திரத்தைப் பற்றி உன் அத்தானிடம் கேட்டேன். அது பத்திரமாக இருக்கிறது, பதிவுக்கெல்லாம் நீ அலைய வேண்டாம், அது பெரியவர்கள் பார்க்க வேண்டிய விஷயம் என்றார்.

லாரியில் போகும்போது என் கண்ணில் தூசி விழுந்திருந்தது. அதனால்தான் திரும்பிக்கொண்டேன்.

முட்டிவலிக்கு இங்கே நல்ல களிம்பு கிடைக்கிறது. ஸாபித்துக்கு என் விசாரிப்பு.

அன்புடன்
அமாலியா


உசின்புலாக்
11 டிசம்பர் 1994

அக்கா,

இந்தக் கடிதத்தை வேறு மாதிரி ஆரம்பித்திருந்தேன். பாதி எழுதி வைத்திருந்த அந்தத் தாளைக் கிழிக்காமல் இதில் அப்படியே எழுதுகிறேன், பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று உனக்கும் தெரியட்டும்.

வெள்ளையடித்துவிட்டோம். நீ வேண்டாம் என்று எழுதிய கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டோம். சுண்ணாம்பை ஸாபித் கொண்டுவந்தான். ஏணியில் அவன் ஏறினான், கீழ்ப்பாதியைப் பிள்ளைகள் அடித்தார்கள். ஸவுரே மூக்கு நுனியில் சுண்ணாம்போடு வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் அப்பா, "எங்கள விட்டுட்டு அவங்க சுவத்துக்கு முத்தம் குடுக்குறியா" என்று கேலி செய்தாராம். ஏழு ஜன்னலையும் தைஸ்யா வெந்நீரும் பழைய செய்தித்தாளும் வைத்துத் துடைத்தாள். வேறு யாரையும் ஜன்னல் பக்கம் விடவில்லை.

ஒரு தப்பும் செய்தேன். கென்கா ஆணியால் நம் அப்பாவின் பெஞ்சில் தன் பெயரைக் கீறிவிட்டான். நான் அவனை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, "உன் மூஞ்சில யாராவது ஆணியால கீறினா நீ சும்மா இருப்பியா" என்று கேட்டு வெளியே அனுப்பினேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவன் கதவுக்கு வெளியே நின்று அழுதது உள்ளே கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து உடைந்த கண்ணாடித் துண்டோடு வந்து, கீறிய இடத்தைச் சுரண்டிச் சமன் செய்தான். யாரும் சொல்லவில்லை, தானாகவே வந்து செய்தான். அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சில் யாரையும் கால் வைக்க விடுவதில்லை.

இது வரைக்கும் பழைய தாள். இனிமேல் இன்று நடந்தது.

பாட்டு நடந்துகொண்டிருந்தபோது ஓர் ஆள் கதவைத் திறந்தார். மாவு மில் எர்கின். உனக்குத் தெரியும், பெரிய மீசை, பாலத்துப் பக்கம் மில் வைத்திருப்பவர். கையில் அளக்கும் டேப். உள்ளே ஓர் அடி வைப்பதற்குள் தைஸ்யா போய் மறித்துக்கொண்டாள்.

"மாமா, பூட்ஸ கழட்டுங்க."

"நானா?"

"வேற யாரு பூட்ஸ் போட்டிருக்கா?"

"சும்மா அளந்துட்டுப் போயிடுவேன்மா."

"அளக்குறவங்களும் கழட்டணும்."

அவர் என்னைப் பார்த்தார். படியில் உட்கார்ந்து முனகிக்கொண்டே கழற்றினார். காலுறையில் ஓட்டை, கட்டைவிரல் வெளியே தெரிந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவரும் சிரித்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன தங்கச்சி, சாமானெல்லாம் இன்னும் எடுக்கலயா?"

"எந்த சாமான்?"

"பெஞ்சு, அடுப்பு, அந்த மேஜை. ஆகஸ்ட்லயே காலி பண்ணித் தர்றேன்னு சொன்னாரே உங்க மூப்பர். அறுவடை வேலையில நானும் வந்து கேக்கல. இப்ப மாவு வைக்க எடமில்ல."

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அத்தானின் கையெழுத்து. கீழே சபை முத்திரை. பிறகு சுவரைத் தொட்டுப் பார்த்தார், விரலில் வெள்ளை ஒட்டியது.

"புதுசா வெள்ளையடிச்சிருக்கீங்களே. எதுக்கு?"

பதினொரு பிள்ளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மழைக்கு" என்றேன். டிசம்பர் மாதத்தில் மழைக்கு என்றேன், அக்கா.

அந்த ஆள் கள்ளத்தாள் வைத்திருக்கிறார் என்று எழுது. அத்தானின் கையெழுத்தை யாரோ போட்டிருக்கிறார்கள் என்று எழுது. உடனே எழுது.

செல்மா


ஜெர்மனி
9 ஜனவரி 1995

கர்த்தருக்குள் பிரியமான தங்கை செல்மாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து சொல்ல மனசு வரவில்லை.

உன் அத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முறையாக எழுது என்கிறார். எழுதுகிறேன். ஆகஸ்ட் 14, ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சபைக் கூட்டம் நடந்தது. பட்டியலில் உள்ள உறுப்பினர் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் கிளம்புகிறவர்கள். வீட்டை விற்பது என்று தீர்மானம் ஆயிற்று. பணம் மூன்று குடும்பத்தின் பயணச் செலவுக்குப் போனது, யாரும் தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. சட்டப்படி ஒரு குறையும் இல்லை. நீ பட்டியலில் இல்லாததால் உன்னைக் கூப்பிட முடியாது. இது வரைக்கும் அவர் சொல்லச் சொல்ல எழுதியது.

இப்போது அவர் திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

செல்மா, நாங்கள் யாரிடம் விட்டுவிட்டு வருவது? கல்லறையில் இருப்பவர்களிடமா? ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பெஞ்சு காலியானது. சாவியை யாரிடம் கொடுப்பது என்று பேசும்போது ஒருவர் உன் பெயரைச் சொன்னார். "அவ புருஷன் வீட்டோட போயிட்டா" என்று இன்னொருவர் சொன்னார். அதோடு பேச்சு முடிந்தது. நான் அப்போது வாசல் அறையில் இருந்தேன், பிள்ளைகளின் கோட்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் தாமதமாகத்தான் தெரிந்தது.

நீ பிள்ளைகளை இப்படிச் சேர்த்து வைப்பாய் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் நம்மவர்கள்கூட இல்லையே. நாலு பாட்டுப் பாடிவிட்டு விளையாடப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தோம். உனக்குச் சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை வந்தேன். ஒரு தடவை நீ ஜாம் காய்ச்சிக்கொண்டிருந்தாய். எனக்குக் கொஞ்சம் தட்டில் ஊற்றிக் கொடுத்தாய். தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

எர்கின் நல்ல மனுஷர்தான். கெஞ்சிக் கேட்டால் வசந்தம் வரைக்கும் விடுவார்.

அமாலியா


உசின்புலாக்
12 பிப்ரவரி 1995

அமாலியா,

கெஞ்சிக் கேட்கச் சொன்னாய். நான் கேட்கவில்லை. அவரே வந்து, "பனி உருகுற வரைக்கும் ஞாயித்துக்கிழமை வச்சுக்கோங்க, பாதி எடத்துல மட்டும் மூட்டைய அடுக்கிக்கிறேன்" என்றார். மூட்டை சுமந்து வந்த ஆட்களையும் பூட்ஸைக் கழற்றச் சொன்னார். தைஸ்யா கதவுப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டை வாங்கிய ஆள் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். வீட்டை விற்ற உன் புருஷன் கூட்டத்துக்கு எப்படி நடந்து போனார் என்று யோசித்துப் பார்த்தேன்.

உன் கடிதம் வந்த பிறகு பிள்ளைகளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூட்டைகளைப் பார்த்து அவர்களாகவே கேட்டார்கள்.

"இந்த வீட்ட வித்துட்டாங்க" என்றேன்.

"யாரு?"

"பெரியவங்க. ஊருக்குப் போனாங்களே, அவங்க."

ஸவுரே, "எங்கள கேக்கலயே" என்றாள்.

"என்னையும் கேக்கல."

"நீங்கதானே சொன்னீங்க, பெருக்குறவங்களோடதுன்னு."

அதற்கான பதிலை நீ எழுதியனுப்பு, அடுத்த ஞாயிறு வாசித்துக் காட்டுகிறேன். பட்டியலைப் பற்றிச் சொல்லட்டுமா? சட்டப்படி ஒரு குறையும் இல்லை என்று சொல்லட்டுமா? கென்கா எழுந்து வாசல் அறைக்குப் போனான். பூட்ஸை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான். பெஞ்சுகளுக்கு நடுவில் அந்தக் கடைசி வரைக்கும் நடந்து, திரும்பி நடந்து, வெளியே போனான். தரை முழுக்கக் கருப்புத் தடம். தைஸ்யா மட்டும் துணியை எடுத்துவந்து ஒவ்வொரு தடமாகத் துடைத்தாள். இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை எர்கின் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் ஏழு ஜன்னலும் உடைந்து கிடந்தது. தைஸ்யா ஓடவில்லை. கடைசி ஜன்னலுக்குக் கீழே, கோட் பையில் இன்னும் மிச்சக் கற்களோடு நின்றாள்.

"யாரு ஒடச்சா?"

"நான்தான்."

"ஏன்டி?"

"நான்தானே தொடச்சேன்."

அவளை அறைந்துவிட்டேன். அமாலியா, நான் பிள்ளைகளை அடித்ததில்லை, உனக்குத் தெரியும். உங்கள் ஏழு பேரில் யாராவது ஒருவர் முன்னால் நின்றிருந்தால் அந்த அறை அவள்மேல் விழுந்திருக்காது. எர்கின் என் கையைப் பிடிக்காமல் தள்ளி நின்று, "கண்ணாடி போனாப் போகுது தங்கச்சி, பலகை அடிச்சுக்குறேன். மாவுக்கு வெளிச்சம் எதுக்கு? புள்ளைய விடுங்க" என்றார். அவள் அழவில்லை. பையிலிருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் ஐந்து மாதம் அவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். மெதுவாக நட. துப்பாதே. கீறாதே. பெரியவர்கள் உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுகூட ஒரு நாள் சொன்னேன்.

நீங்கள் அங்கே ஒரு புதுச் சபையில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதன் பெரியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறேன். உன் புருஷன் வால்தெமார் வீன்ஸ் இங்கே என்ன செய்தார் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். விலாசம் உன் கொழுந்தன் மனைவியிடம் இருக்கிறது.

செல்மா


ஜெர்மனி
19 மார்ச் 1995

செல்மா,

இதை அவருக்குத் தெரியாமல் துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தக் கடிதத்தை அனுப்பாதே.

விடுதியை விட்டு ஒரு சின்ன ஊருக்கு வந்துவிட்டோம். இங்கே நம்மைப் போல வந்தவர்கள் நாற்பது குடும்பம் சேர்ந்து புதிதாக ஒரு ஜெபவீடு கட்டுகிறார்கள். உன் அத்தான் காலையில் ஆபீஸ் ஆபீஸாக வேலை கேட்டு அலைந்துவிட்டு, மத்தியானத்திலிருந்து அங்கே செங்கல் தூக்குகிறார். போன மாதம் அவரை மூப்பர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவை நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தார். உன் கடிதம் வந்தால் எடுத்துவிடுவார்கள். அவருக்கு இங்கே அது தவிர வேறு ஒன்றுமில்லை. எனக்கும்தான்.

சின்னப் பிள்ளைகள் வகுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நீ சிரிப்பாய். ஆராதனை வீட்டை எப்படிப் பேணுவது என்பதுதான் முதல் பாடம். காலைத் துடைத்துக்கொண்டு வா, சத்தம் போடாதே, தாளைக் கீழே போடாதே. நானும் களிமண் மிதித்த கதையைச் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை, "அந்த வீட்ட இப்ப யாரு பாத்துக்குறாங்க?" என்று கேட்டாள். "என் தங்கச்சி பாத்துக்குறா" என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும்?

இன்னொன்று. கூட்டம் நடந்தபோது நான் வாசல் அறையில் இல்லை. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஏழு கைகளில் ஒன்று என்னுடையது. உன் பெயரைச் சொன்னபோது, "அவ புருஷன் வீட்டோட போயிட்டா" என்று சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை. உன்னிடம் சாவி போய்விட்டால் பயணம் நின்றுவிடும் என்று பயந்தேன், செல்மா. பெட்டி கட்டி முடித்திருந்தோம். இன்னொரு குளிர்காலத்தை அங்கே கழித்தால் செத்துப்போவேன் என்று தோன்றியது.

பிள்ளைகளுக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். படம் போட்ட அட்டைகள், சாக்லேட், தைஸ்யாவுக்கு ஒரு கம்பளித் தொப்பி. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அமாலியா


உசின்புலாக்
23 ஏப்ரல் 1995

அமாலியா,

பார்சல் வந்தது. சாக்லேட்டை ஸவுரேயின் தம்பி எல்லாருக்கும் பங்கு வைத்தான். அட்டைகளைக் கொடுக்கவில்லை. எல்லா அட்டையிலும் கோபுரம் வைத்த வீடு ஒன்று இருக்கிறது.

பனி உருகியதும் ஜெபவீட்டைக் காலி செய்துவிட்டேன். பெஞ்சுகள் ஸாபித்தின் கொட்டகையில் இருக்கின்றன. எர்கின் வண்டி கொடுத்தார். ஜன்னலுக்குப் பலகை அடித்தாகிவிட்டது. சுவர் மட்டும் வெள்ளையாக இருக்கிறது, மாவு ஒட்டினால்கூடத் தெரிவதில்லை. ஞாயிறு வகுப்பு இப்போது என் அடுக்களையில்தான், நீ சொன்னபடியே. பதினொரு பேரில் நாலு பேர் வருகிறார்கள். கென்கா வருவதில்லை. வழியில் பார்த்தால் தெருவுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறான்.

உங்கள் சபைக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். உன் கடிதம் வரும்போது அது எழுதி முடித்து மேஜைமேல் இருந்தது. நாலு பக்கம். நீ துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து எழுதியதை ஸாபித்துக்கு வாசித்துக் காட்டினேன். அவன் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அவங்க வாசிச்சா அந்த வீடு திரும்பி வருமா?"

"வராது."

"அப்ப யாருக்காக அனுப்புற?"

"எனக்காகத்தான்."

"அத ஒத்துக்கிட்டா சரி. அனுப்பு."

மறுநாள் அனுப்பிவிட்டேன். உன் கை மூன்றாவது பெஞ்சில் உயர்ந்ததை அதில் எழுதவில்லை. இரக்கப்பட்டு விட்டேன் என்று நினைக்காதே. மறுபடி நாலு பக்கம் எழுதப் பொறுமை இல்லை. இதைப் படிக்கும்போது அவர்களும் அதைப் படித்து முடித்திருப்பார்கள். உன் வகுப்பை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். விட்டுவைத்தால் அந்தப் பெண்பிள்ளை கேட்டதற்கு உண்மையைச் சொல், அவ்வளவுதான்.

தைஸ்யா இரண்டு மாதமாக வரவே இல்லை. பால்பண்ணை வரிசைக்கு மூன்று தடவை போனேன். அவள் அம்மா கதவைத் திறந்து, "அவ இல்ல" என்பாள். பின்னால் தைஸ்யா இருமுவது கேட்கும். இன்று காலை வகுப்பு நடக்கும்போது கேட் பக்கம் நின்றாள். நான் வெளியே போனேன். அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. உன் மன்னிப்பையும் சொன்னேன். "அவங்கதான் இங்க இல்லயே" என்றாள். தொப்பியை நீட்டினேன், வாங்கவில்லை. வீட்டை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வீட்டயும் விப்பீங்களா அத்தை?"

"விக்க மாட்டோம்."

"எழுதித் தருவீங்களா?"

நோட்டுத் தாள் ஒன்றைக் கிழித்து, கேட் கம்பத்தில் வைத்தே எழுதினேன். இந்த வீட்டை விற்க மாட்டோம், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் இங்கே வரலாம் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவள் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்தாள். கையெழுத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"உங்க கையெழுத்து செல்லுமா?"

நான் உள்ளே பார்த்து ஸாபித்தைக் கூப்பிட்டேன். வீடு அவன் பெயரில்தான் இருக்கிறது. அவன் வந்து, எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, என் பெயருக்குக் கீழே அவன் பெயரை எழுதினான். அவள் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். தாளை நாலாக மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பால்பண்ணைப் பக்கம் நடந்தாள். உள்ளே வரவில்லை. அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

செல்மா